புது ரெக்டர் வந்த வருஷம்

நியூஜெர்சியில் நாங்கள் போகிற எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபைக்கு இந்த ஆண்டு புது ரெக்டர், அதாவது பொறுப்புக் குரு, வந்திருக்கிறார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆர்கன் வாசிக்கப் புதிதாக ஒருவர் வந்தார், அலுவலகத்தைக் கவனிக்கவும் ஒருவர் வந்தார். இவர்களை வரவேற்கும் வேலைக்காக, சபையின் நிர்வாகக் குழுவான வெஸ்ட்ரி அமைத்த சிறிய குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். கேக் எங்கே சொல்வது, பேனரில் என்ன எழுதுவது என்பதெல்லாம் முதல் கூட்டத்திலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல மாதங்கள் கூடிக்கொண்டே இருந்தோம். அந்த மாதங்களில் செய்ததுதான் உண்மையான வரவேற்பு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். அங்கே போதகரை ஐயர் என்போம், அவர் மாறுவது வேறு மாதிரி. பேராயர் அலுவலகத்திலிருந்து மாறுதல் உத்தரவு வரும். ஒரு லாரியில் பழைய ஐயர் வீட்டுச் சாமான் ஏறும், இன்னொரு லாரியிலிருந்து புது ஐயர் வீட்டுச் சாமான் இறங்கும். ஐயர் குடியிருக்கும் பார்சனேஜில் அன்றைக்கு அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், சபைப் பெண்களே சோறு கொண்டுபோவார்கள். ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை, மாலை, அவர் பொறுப்பில் இருக்கும் சேகரத்தின் எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்கள், வாழ்த்துரைகள். யார் வருவார் என்பதில் சபைக்குப் பங்கில்லை. வந்தவரை ஏற்றுக்கொள்வதில்தான் பங்கு. அதில் ஒரு அழகு உண்டு, இன்றைக்கும் சொல்வேன்.

எபிஸ்கோபல் திருச்சபையில் ரெக்டரைத் தேர்ந்தெடுப்பது சபையின் வெஸ்ட்ரி. பேராயரின் சம்மதம் வேண்டும், ஆனால் அழைப்பு சபையிலிருந்துதான் போகிறது. இந்த வழக்கத்துக்கு நீண்ட வேர் இருக்கிறது. அமெரிக்கா ஆங்கிலேயர் வசம் இருந்த காலம் முழுவதும் இங்கே ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர்கூட இருந்ததில்லை. குருப்பட்டம் பெற விரும்பியவர் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் போக வேண்டியிருந்தது. வர்ஜீனியா போன்ற இடங்களில் சபையை நடத்தியதெல்லாம் உள்ளூர் வெஸ்ட்ரிகளே. போதகருக்கு நிரந்தர உரிமை வந்துவிடுமே என்று பல வெஸ்ட்ரிகள் அவரை முறைப்படி ஆளுநர்முன் நிறுத்தாமலே ஆண்டுக்கு ஆண்டு வைத்துக்கொண்டன. விடுதலைக்குப் பிறகு சாமுவேல் சீபரி லண்டனுக்குப் போனார். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் அங்கே பேராயர் பட்டம் கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அபர்தீனில் பட்டம் பெற்றார். அமெரிக்கத் திருச்சபையின் முதல் பேராயர் அவர்தான். அதாவது இங்கே பேராயர் வருவதற்கு முன்பே வெஸ்ட்ரி இருந்தது. இன்றைய சட்டங்களிலும் அதன் தடம் தெரிகிறது. பதவியேற்ற ரெக்டரை வெஸ்ட்ரி நினைத்த மாத்திரத்தில் அனுப்பிவிட முடியாது. ரெக்டரும் வெஸ்ட்ரியின் சம்மதம் இல்லாமல் விட்டுப் போக முடியாது.

அழைப்பது சபை என்பதால் நேரம் பிடிக்கிறது. முந்தைய ரெக்டர் ஓய்வுபெற்றதும் இடைக்காலக் குரு ஒருவர் வந்தார். தேடல் குழு அமைந்தது. சபையைப் பற்றிய விவரக் குறிப்பு எழுதினார்கள்: எத்தனை பேர் வருகிறோம், கணக்கு வழக்கு எப்படி, கூரை எந்த நிலையில் இருக்கிறது, எதற்காக ஜெபிக்கிறோம், எதைக் கண்டு பயப்படுகிறோம். பிறகு ஜூம் நேர்காணல்கள், நேரில் சந்திப்பு, கடைசியில் அழைப்பு. எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பொறுமையிழந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இடைவெளி அவசியம். பல ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, நம் பெற்றோரை அடக்கம் செய்த ஒருவர் போய்விட்டால் அது ஒரு பிரிவு. அந்தப் பிரிவை ஆற்றிக்கொள்ளாத சபை, அடுத்து வருகிறவரிடம் பழையவரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பழைய ஐயரைக் கூப்பிட்டுக் கல்யாணம் நடத்துவது சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே பல திருமண்டலங்களில் விலகிப்போன ரெக்டர், புது ரெக்டர் அழைத்தாலொழிய அந்தச் சபையில் திருமணமோ அடக்க ஆராதனையோ நடத்தக் கூடாது என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. பிறகு எங்கள் சபையில் வயதான ஒருவர் காலமானார். குடும்பத்தார் ஓய்வுபெற்ற ரெக்டரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் அழுதார், கூடவே ஜெபித்தார், “அடக்கத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டியது உங்கள் ரெக்டரிடம்” என்று சொல்லிவிட்டார். புது ரெக்டர் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், இரவு வரை உட்கார்ந்து அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடக்க ஆராதனையில் அவர் செய்த பிரசங்கத்தில், அந்தப் பெரியவர் ஞாயிறுதோறும் காப்பி போட்டுவைத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்காமல் போகும் பழக்கம்கூட வந்தது. அந்தக் குடும்பத்துக்கு அவர் அன்றைக்குத்தான் ரெக்டர் ஆனார். பழையவர் விலகி நின்றிருக்காவிட்டால் அது நடந்திருக்காது. புதியவருக்குக் கிடைத்த வரவேற்புகளில் பெரியது பழையவர் கொடுத்ததுதான்.

புதியவர் வருவதற்கு முன் எங்கள் குழுவில் நடந்த பெரிய வாக்குவாதம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான். ஒரு சாரார், “அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், நம் அபிப்பிராயத்தை ஏற்றிவிடக் கூடாது” என்றார்கள். இன்னொரு சாரார், எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்: யார் யாரோடு பேசுவதில்லை, எந்தக் குடும்பம் எதற்காகக் கோபித்துக்கொண்டு காணிக்கையை நிறுத்தியது, பாடகர் குழுவில் யார் யாருக்கு ஆகாது என்பது வரைக்கும். நான் சொன்னது இதுதான்: துக்கத்தை எழுதுவோம், சண்டையை விட்டுவிடுவோம். கடைசியில் அப்படித்தான் செய்தோம். கடந்த இரண்டு ஆண்டில் இறந்தவர்கள், அவர்கள் விட்டுப்போனவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், குழந்தையை இழந்த தம்பதி, சிகிச்சையில் இருப்பவர்கள் என்று பெயர்களை எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகே கொடுத்தோம். சிலர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் பெயரை எடுத்துவிட்டோம். பிள்ளைகளின் பாதுகாப்பு, பண விவகாரம் போன்றவை வேறு வகை. அவற்றை மறைக்கவே கூடாது. அவற்றை வெஸ்ட்ரியின் தலைமைப் பொறுப்பாளர்களான வார்டன்களும் பேராயர் அலுவலகமும் நேரடியாகச் சொல்ல வேண்டும், சொன்னார்கள்.

அந்தப் பட்டியலால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் வாசலில் கைகுலுக்கும்போது, “உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா?” என்று ஒரு குருவானவர் கேட்கும் நிலை வரக் கூடாது. அது கேட்டவருக்கும் காயம், கேட்கப்பட்டவருக்கும் காயம். ஒரு தாள் அதைத் தடுக்கும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபைக்கு முன்பு ரெக்டர் குடியிருக்க ஒரு வீடு, ரெக்டரி, இருந்தது, பல சபைகளைப் போலவே அதை எப்போதோ விற்றுவிட்டார்கள். சம்பளத்தோடு வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை கொடுக்கிறார்கள், அவர் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். நியூஜெர்சி வாடகை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கவலை என்று தெரியும். ஆகவே வெஸ்ட்ரி தொகையைப் பேசி முடிக்கும் முன்பு, சபைக்கு அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் வாடகைகளை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் குழுவிலிருந்து வற்புறுத்தினோம், பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அலமாரி நிரப்பும் விருந்து ஒன்று வைத்தோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் புதுப் போதகர் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்று கொண்டுபோய்க் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. அங்கே வளர்ந்த ஒரு அம்மையார் அதை இங்கே கொண்டுவந்தார். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டோம். நான் பொன்னி அரிசியும் வீட்டில் இடித்த பருப்புப் பொடியும் கொடுத்தேன். பொடிக்கு நெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் எழுதி ஒட்டினேன்.

எங்கள் ரெக்டர் ஒரு பெண். எபிஸ்கோபல் திருச்சபையில் பெண்கள் குருவானது சுலபமாக நடந்ததல்ல. 1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியாவில் 11 பெண்கள், திருச்சபையின் அனுமதி வருவதற்கு முன்பே குருப்பட்டம் பெற்றார்கள். 1976-ல் திருச்சபையின் சட்டமியற்றும் பொது மாநாடு அனுமதித்தது. 1989-ல் பார்பரா ஹாரிஸ் முதல் பெண் பேராயர் ஆனார். சி.எஸ்.ஐ.யிலும் 2013-ல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயர் ஆனார். ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தபோது, ஆராதனை முடிந்து வாசலில் நின்ற ரெக்டரிடம் போய்க் கைகூப்பி, “ஸ்தோத்திரம்மா” என்றாள். ரெக்டரும் கைகூப்பினார். அம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ரெக்டருடைய கணவர் வேறு வேலையில் இருப்பவர். சில ஞாயிறுகளில் வருவார், சில ஞாயிறுகளில் வரமாட்டார். ஊரில் ஐயர் மனைவி என்றால் பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, எல்லாமே அவர் தலையில்தான். சம்பளமில்லாத இரண்டாவது ஊழியர் அவர். நான் சிறுவயதில் பார்த்த ஐயரம்மாக்களின் களைப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. ரெக்டரின் கணவரை எந்தக் குழுவுக்கும் கூப்பிட வேண்டாம், அவராக வந்தால் மட்டும் சேர்த்துக்கொள்வோம் என்று எங்கள் குழு முடிவெடுத்தபோது மனப்பூர்வமாகக் கை தூக்கினேன்.

பதவியேற்பு ஆராதனை ரெக்டர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, ஒரு வார நாள் மாலையில் நடந்தது. 1804-ல் அமெரிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்ட பழைய முறையில் வார்டன் கோவில் சாவியை ரெக்டரிடம் ஒப்படைப்பதுதான் முக்கியக் காட்சி. ஆராதனை முறைகள் அடங்கிய 1979-ஆம் ஆண்டு ஜெபபுத்தகம் அதை விரித்துவிட்டது. சாவி இருக்கிறது, ஆனால் பலவற்றில் அதுவும் ஒன்று. சபையார் ஒவ்வொருவராக வந்து வேதாகமம், ஒரு பாத்திரத்தில் தண்ணீர், குரு தோளில் அணியும் ஸ்டோல், ஜெபபுத்தகம், எண்ணெய், சாவிகள், திருச்சபைச் சட்டங்கள், அப்பமும் திராட்சரசமும் என்று கொடுக்கிறார்கள். கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தண்ணீர் கொண்டுபோனவர்கள் இரண்டு சிறுவர்கள். குடம் நிரம்பி வழிந்து கம்பளம் நனைந்தது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எண்ணெய் கொண்டுபோனது நான். எங்கள் நடுவில் சுகமளிப்பவராகவும் ஒப்புரவாக்குபவராகவும் இருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. கடைசியில் பேராயர், இவையெல்லாம் இந்த இடத்தில் “என்னுடையதும் உம்முடையதுமான” ஊழியத்தின் அடையாளங்கள் என்கிறார். பிறகு புது ரெக்டரைச் சபைக்கு முன்னால் நிறுத்துகிறார். அந்த இடத்தில் கைதட்டுவது தகும் என்று ஜெபபுத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. தட்டினோம். பக்கத்து ஊர் லூத்தரன் போதகர் எங்களைவிடச் சத்தமாகத் தட்டினார்.

சாவியைப் பற்றி இன்னும் ஒன்று. ஆராதனையில் கொடுத்தது பளபளப்பாக்கிய பழைய பித்தளைச் சாவி. நிஜமான கொத்தை ஜூனியர் வார்டன் ரெக்டரின் முதல் நாளிலேயே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு சாவியிலும் காகித நாடா சுற்றி, பேனாவால் எழுதியிருந்தார்: பாய்லர் அறை, பாத்திர அறை, உணவு வங்கி, மணிக்கூண்டு. எந்தச் சாவியும் சேராத ஒரு பூட்டின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தார். தண்ணீர்க் குழாயை மொத்தமாக அடைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார். பிப்ரவரியில் குழாய் வெடித்த இரவில் அது உதவியது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். ரெக்டருக்கு இவ்வளவும் செய்கிறோம். ஆர்கன் வாசிப்பவருக்கும் அலுவலகத்துக்கு வந்தவருக்கும்? பல சபைகளில் வாரச் செய்தித்தாளில் இரண்டு வரி வரும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சபையின் வாரத்தைத் தூக்கி நிறுத்துவது இவர்கள்தான். ஞாயிறு ஆராதனைத் தாளை அடிப்பது, உணவு வங்கிக்கு வருகிறவருக்குக் கதவு திறப்பது, மரணச் செய்தியோடு வரும் தொலைபேசியை முதலில் எடுப்பது எல்லாம் அலுவலகத்தில் இருப்பவர். ரெக்டரின் ஓய்வூதியத்துக்காகச் சபை அவருடைய ஊதியத்தில் 18 சதவீதம் கட்டியாக வேண்டும். 1917-ல் தொடங்கிய ஓய்வூதிய நிதி அது. குருப்பட்டம் பெறாத ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் கட்டாயம் என்று பொது மாநாடு முடிவெடுத்தது 2009-ல்தான். அதுவும் ஆண்டுக்கு 1000 மணி நேரமாவது வேலை பார்க்கிறவர்களுக்கு. பகுதிநேரமாக ஆர்கன் வாசிப்பவர் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார். இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெஸ்ட்ரியில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரவேற்பிலாவது வித்தியாசம் காட்ட வேண்டாம் என்று கேட்டோம். ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்குள்ளேயே, குருப்பட்டம் பெறாத ஊழியர்களை ஏற்படுத்துவதற்குத் திருச்சபையில் சிறிய ஒழுங்குமுறை ஒன்று இருக்கிறது. புது ரெக்டரே அதை எடுத்து நடத்தினார். இரண்டு பேரையும் முன்னால் அழைத்து, பெயர் சொல்லி ஜெபித்தார். அலுவலகத்துக்கு வந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லை, கிறிஸ்தவப் பின்னணியும் இல்லாதவர். ஆகவே விருப்பமா என்று முதலில் தனியாகக் கேட்டோம். யோசித்துவிட்டு, “ஜெபத்துக்கு நிற்கிறேன், பதில் வசனம் சொல்லமாட்டேன்” என்றார். அப்படியே செய்தோம். அவர் சேர்ந்த மாதமே பரிசுத்த வாரம் வந்தது: குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, உயிர்ப்பின் முந்திய இரவு என்று வரிசையாகத் தாள்கள் அச்சடிக்க வேண்டும். முந்தைய நிர்வாகியிடம் எல்லாக் கடவுச்சொற்களையும், கடந்த ஆண்டுக் கோப்புகளையும், அச்சு இயந்திரம் தாளை விழுங்கினால் கூப்பிட வேண்டிய எண்ணையும் வாங்கி வைத்திருந்தோம். அந்த இரண்டு வாரமும் மடிக்கவும் தைக்கவும் மாலையில் ஆள் போனது. மாலைப்பூவைவிட அது அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

ஆர்கன் வாசிப்பவருக்கு வேறு கஷ்டம். பாடகர் குழு முந்தையவரோடு பல ஆண்டு பாடியது. எங்கே மூச்சு விடுவது, எந்த வேகத்தில் போவது என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருந்தது. முதல் ஒத்திகையில், “நாங்கள் இதை இப்படிப் பாடுவதில்லை” என்று ஒருவர் சொன்னார். புதியவர் பியானோ மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, “சரி, நீங்கள் பாடுவதுபோல ஒருமுறை பாடுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். நான்கு பத்தியும் கேட்டார். கேட்ட பிறகு இரண்டே இடங்களை மாற்றினார். அடுத்த வாரத்திலிருந்து அவர் சொன்னபடி பாடினார்கள். வந்தவரும் இருந்தவர்களும் ஒருவரையொருவர் வரவேற்றதை நான் பார்த்த இடம் அந்த அறைதான்.

இந்த முதல் ஆண்டில் சபையாருக்குச் சொல்ல நினைப்பது ஒன்றுண்டு. ரெக்டரின் ஒப்பந்தக் கடிதத்தில் விடுப்பும் வாராந்திர ஓய்வு நாளும் எழுதியிருக்கிறது. அந்த நாள் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாவோ ஆபத்தோ இல்லாமல் அன்றைக்கு அவரைக் கூப்பிடக் கூடாது. “முன்னால் இருந்தவர் இப்படிச் செய்வார்” என்ற பேச்சையும் குறைக்க வேண்டும். ரெக்டர் திருவிருந்து நேரத்தில் ஒரு பாட்டை மாற்றியதற்கே மின்னஞ்சல்கள் பறந்தன. எழுதியவர்கள் நல்லவர்கள், சபையை நேசிக்கிறவர்கள். அந்த நேசத்தோடு ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம். பாட்டு பிடிக்காவிட்டால் அவர் அறைக் கதவைத் தட்டி நேரில் சொல்லலாம். அவர் காப்பி போட்டுக் கொடுத்துக் கேட்கிறார், நானே போயிருக்கிறேன்.

அடுத்து எங்கள் செக்ஸ்டன் ஓய்வுபெறுகிறார். கட்டடத்தைக் கூட்டி, பனி தள்ளி, நாற்காலி போட்டு, கதவு பூட்டிப் பல காலமாகக் காத்தவர். அவர் இடத்துக்கு வருகிறவருக்காக இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நானும் ஜூனியர் வார்டனும் அவரோடு கட்டடத்தைச் சுற்றுகிறோம், அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்கிறோம். மழைக்கு ஒழுகும் ஜன்னல் எது, ஆர்கனுக்காக எந்த அறையில் வெப்பத்தைக் குறைக்கக் கூடாது, பின்வாசல் பெஞ்சில் தூங்க வருகிறவர் எந்த மணிக்கு எழுந்து போவார், அவருக்குச் சர்க்கரை இல்லாமல் காப்பி வேண்டும் என்பது வரை வந்திருக்கிறோம். இன்னும் மேல்மாடி பாக்கி இருக்கிறது.